இரண்டு பயணிகளுக்கு 350 குதிரைத்திறன்: ஐரோப்பாவில் விமானப் பயணம் வணிகமான விதம்

1919 ஆகஸ்ட் 25 அன்று காலை, லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற திடலிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று பாரிஸை நோக்கிப் புறப்பட்டது. பில் லாஃபோர்டு என்ற விமானி அதை ஓட்டினார். பயணி ஒருவர்தான், அவரும் லண்டன் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர். அவருடன் அன்றைய செய்தித்தாள் கட்டுகளும், கொஞ்சம் தோலும், வேட்டையாடிய க்ரௌஸ் பறவைகளும், ஜாடிகளில் அடைத்த டெவன்ஷைர் பாலாடையும் சென்றன. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் பாரிஸுக்கு அருகேயுள்ள லெ பூர்ஷே திடலில் விமானம் இறங்கியது. லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் பறக்கும் சேவை அன்று தொடங்கியது. அதை நடத்திய ஏர்கிராஃப்ட் டிரான்ஸ்போர்ட் அண்டு டிராவல் நிறுவனம் நிர்ணயித்த ஒருவழிக் கட்டணம் 21 பவுண்டு. அந்நாளைய தொழிலாளி ஒருவர் பல வாரங்கள் உழைத்தால்தான் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்க முடியும்.

அந்த விமானத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் கட்டணம் ஏன் அவ்வளவு என்பது விளங்கும். டி.எச்.4ஏ என்ற அந்த விமானம், முதல் உலகப் போரில் பகலில் குண்டு வீசுவதற்காக வடிவமைக்கப்பட்ட டி.எச்.4 விமானத்தின் மாற்று வடிவம். துப்பாக்கிக்காரர் இருந்த பின்னிருக்கைக் குழியை அகலப்படுத்தி, எதிரெதிராக இரண்டு இருக்கைகளைப் பொருத்தி, அதன்மேல் கண்ணாடிச் சன்னல் வைத்த மூடியை மாட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் இறங்குவதுபோலப் பயணிகள் உள்ளே இறங்கி அமர்ந்ததும் மேலிருந்து மூடி சாத்தப்படும். இருவருடைய முழங்கால்களும் ஏறத்தாழ இடித்துக்கொள்ளும். விமானி வெளியே, காற்றிலும் மழையிலும் இருந்தார். இந்த இரண்டு பேரைச் சுமக்க முன்னால் 350 குதிரைத்திறன் கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அதாவது, ஒரு பயணிக்கு 175 குதிரைத்திறன். எரிபொருள், எஞ்சின் பழுதுபார்ப்பு, விமானியின் சம்பளம் ஆகிய அனைத்தையும் அந்த இரண்டு இருக்கைகளே ஈடுகட்டியாக வேண்டும். ஓர் இருக்கை காலியாகப் போனால் வருவாயில் பாதி போயிற்று.

ஐரோப்பிய வணிக விமானப் போக்குவரத்தின் தொடக்கத்தைச் சாகசக் கதையாகச் சொல்வதே வழக்கம். சாகசத்துக்கு அங்கே குறைவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பறக்கும் இயந்திரமும் பிழைப்பு நடத்தும் இயந்திரமும் வெவ்வேறு என்பதைக் கண்டறிந்ததே அந்த ஆண்டுகளின் உண்மையான வேலை என்பது என் கருத்து. முதலாவதைப் போர் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டாவதை உருவாக்க ஏழெட்டு ஆண்டுகளும், சில உயிர்களும், அரசுகளின் பணமும் தேவைப்பட்டன.

போருக்கு முன்பே பயணிகளை வானில் ஏற்றிச் சென்றவர்கள் உண்டு. 1909இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட டெலாக் நிறுவனம் வாயு நிரப்பிய செப்பெலின் வான்கப்பல்களில் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றது. 1914 வரை அதன் பயணிகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் ஊர்மேல் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பும் உல்லாசப் பயணங்கள். ரஷ்யாவில் இகோர் சிகோர்ஸ்கி வடிவமைத்த நான்கு எஞ்சின் ‘இலியா முரோமெத்ஸ்’ விமானத்தில் சூடேற்றப்பட்ட கூடமும், மின்விளக்கும், கழிப்பறையும் இருந்தன. 1914 கோடையில் அது செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலிருந்து கீவ் வரை பறந்து திரும்பியது. சில வாரங்களில் போர் மூண்டது. பயணிகளுக்காக எண்ணிப் பார்த்த அந்த விமானம் குண்டுகளைச் சுமக்கப் போயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. குண்டு சுமந்தவை இப்போது பயணிகளைத் தேடின. ஒவ்வொரு நாட்டின் கிடங்கிலும் ஆயிரக்கணக்கான விமானங்களும், வேலையில்லாத இளம் விமானிகளும் மிஞ்சியிருந்தனர். 1919 பிப்ரவரி 5 அன்று டாய்ச்சே லுஃப்ட் ரீடெரை என்ற ஜெர்மன் நிறுவனம் பெர்லினுக்கும் வைமாருக்கும் இடையே சேவையைத் தொடங்கியது. புதிய குடியரசின் அரசியல் நிர்ணய சபை மறுநாள் கூடவிருந்த ஊர் வைமார். பெர்லினில் தெருச்சண்டை ஓயாததால் சபை அந்தச் சிற்றூருக்குச் சென்றிருந்தது. தலைநகரின் செய்தித்தாள்களும் தபாலும் அங்கே விரைவாகப் போய்ச் சேர வேண்டிய தேவை இருந்தது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 8 அன்று, பிரான்சின் ஃபார்மன் நிறுவனத்தின் கோலியாத் விமானம் பாரிஸுக்கு அருகிலிருந்து லண்டனுக்குத் தெற்கேயுள்ள கென்லிக்குப் பறந்தது. பிரிட்டனில் குடிமக்கள் விமானங்களுக்கு இன்னும் அனுமதி இல்லாததால், அதில் சென்ற பயணிகள் எல்லோரும் ராணுவத்தினர். மார்ச் 22 முதல் ஃபார்மன் நிறுவனம் பாரிஸுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே வாரம் ஒரு முறை விமானம் விட்டது. நாட்டெல்லையைக் கடந்த முதல் முறையான பயணிகள் சேவையாக அதைக் குறிப்பிடுவர்.

இத்தனைக்குப் பிறகும் எல்லோருடைய கண்ணும் லண்டன்-பாரிஸ் வழித்தடத்தின்மீதே இருந்தது. அதற்குக் காரணம் ஆங்கிலக் கால்வாய். லண்டனிலிருந்து பாரிஸ் செல்பவர் முதலில் ரயிலில் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேறி, மறுகரையில் மீண்டும் ரயிலேற வேண்டியிருந்தது. ஒரு பகல் முழுதும் அதிலேயே கழியும். விமானத்துக்கோ கடல் ஒரு தடையே அல்ல. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தால், தரைவழியே தடையின்றி ஓடும் விரைவு ரயிலை அவ்வளவு எளிதில் வெல்ல முடியாது. திடலுக்குப் போகும் நேரம், திடலிலிருந்து ஊருக்கு வரும் நேரம் இரண்டையும் சேர்த்தால் மிச்சம் சொற்பம். மேலும் ரயில் இரவிலும் ஓடும். பயணி தூங்கி எழும்போது ஊர் வந்திருக்கும். அன்றைய விமானம் பொழுது சாய்ந்தால் தரையில் இருக்க வேண்டும். எனவே நடுவில் நீர் குறுக்கிட்ட இடங்களில்தான் விமானச் சேவைக்கு முதலில் உயிர் வந்தது. பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து ஸ்பெயின் வழியாக மொராக்கோவுக்குத் தபால் கொண்டுபோன லத்தெகோயர் நிறுவனத்தின் வழித்தடமும், பின்னாளில் பால்டிக் கடலைக் கடந்த வழித்தடங்களும் இதற்குச் சான்று.

அந்தப் பயணம் சொகுசானதாக இருக்கவில்லை. எஞ்சின் இரைச்சலில் பேச முடியாமல் பயணிகள் துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டிக்கொண்டார்கள். குளிரைத் தாங்கக் கம்பளி மேலங்கி வேண்டும். விமானங்கள் தாழப் பறந்ததால் காற்றின் ஒவ்வொரு குலுக்கலும் வயிற்றில் தெரியும். குண்டுவீச்சு விமானங்களை மாற்றியமைத்து ஓட்டிய ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் 1919 அக்டோபரிலிருந்து 3 ஷில்லிங் விலையில் மதிய உணவுப் பெட்டி விற்றது; விமானத்தில் பரிமாறப்பட்ட உணவின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. எஞ்சின் நின்றுபோனால் பக்கத்து வயலில் இறங்குவது அன்றைக்கு விபத்தாகக் கருதப்படவில்லை. இறங்கி, பழுதைச் சரிசெய்து, முடிந்தால் மீண்டும் கிளம்புவார்கள். முடியாவிட்டால் பயணிகளை அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

இனி, அதே 1919 கோடையில் ஜெர்மனியின் டெசாவ் நகரில் நடந்ததற்கு வருவோம். ஹ்யூகோ யுங்கர்ஸ் விமானத்துறைக்குத் தாமதமாக வந்தவர். ஆகன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் வெப்பவியல் பேராசிரியராக இருந்தவர். வாயுவில் எரியும் வெந்நீர்க் கொதிகலன்களைத் தயாரித்துப் பணம் ஈட்டியவர். உலோகத் தகட்டை வளைத்து, மெலிதாகவும் உறுதியாகவும் ஒரு பொருளைச் செய்வது எப்படி என்பது அவருடைய தொழிற்சாலைக்கு அத்துபடி. மரச்சட்டமும் துணிப்போர்வையும் கம்பி இழுப்புகளும் கொண்டதே விமானம் என்று உலகம் நம்பிய காலத்தில், 1915இல் அவர் முழுக்க முழுக்க உலோகத்தாலான விமானத்தைச் செய்தார். இரும்புத் தகட்டாலான அந்தக் கனத்த விமானத்துக்குத் ‘தகரக் கழுதை’ என்று பட்டப்பெயர் வந்தது. பின்னர் இரும்பை விட்டுவிட்டு, டியூராலுமின் எனப்படும் அலுமினியக் கலவைக்கு மாறினார்.

1919 ஜூன் 25 அன்று அவருடைய எஃப் 13 விமானம் முதன்முறையாகப் பறந்தது. அதை வடிவமைத்தவர் ஓட்டோ ராய்ட்டர். போர் விமானத்தை மாற்றியமைக்காமல், பயணிகளுக்காகவே முதல் கோட்டிலிருந்து வரையப்பட்ட முழு உலோக விமானம் அது. தூணில்லாமல் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் பால்கனியைப் போல, அதன் ஒற்றை இறக்கை வெளியே எந்தக் கம்போ கம்பியோ இல்லாமல் உடலின் அடியிலிருந்து இருபுறமும் நீண்டிருந்தது. கம்பிகள் இல்லாததால் காற்றின் தடை குறைந்தது; தடை குறைந்ததால் சிறிய எஞ்சினே போதுமானதாயிற்று. மேல்தோல் நெளித் தகடு. நம் ஊர்க் கூரைத் தகட்டில் காண்பதுபோன்ற நெளிவுதான், ஆனால் அதைவிட மெல்லியது, நெருக்கமானது. நெளிவுகள் காற்று ஓடும் திசையிலேயே அமைந்திருந்தன. தட்டையான மெல்லிய தகடு எளிதில் மடங்கிவிடும் என்பதால், எடையைக் கூட்டாமல் விறைப்பைக் கூட்ட யுங்கர்ஸ் கண்ட வழி அது.

உள்ளே நான்கு பயணிகளுக்கு மெத்தை இருக்கைகள், இடுப்பு வார்கள், சூடேற்றும் வசதி, கதவு, சன்னல்கள் என ஒரு நல்ல மோட்டார் காருக்குள் இருப்பதெல்லாம் இருந்தன. விமானிகள் இருவருக்கு மட்டும் தொடக்கத்தில் முழுமையான மூடுகூண்டு இல்லை. முகத்தில் காற்றுப் படாமல் விமானத்தின் போக்கை உணர முடியாது என்று அக்கால விமானிகள் நம்பினார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 160 குதிரைத்திறனில் தொடங்கிய எஃப் 13, பின்னர் பி.எம்.டபிள்யூ தந்த 185 குதிரைத்திறன் எஞ்சினோடு நான்கு பயணிகளைச் சுமந்தது. ஒரு பயணிக்கு ஏறத்தாழ 46 குதிரைத்திறன். லண்டன்-பாரிஸ் பறந்த டி.எச்.4ஏ செலவிட்டதில் கால்பங்கு! நியாயமாகச் சொன்னால், ஃபார்மன் கோலியாத்தும் இந்தக் கணக்கில் சளைத்ததல்ல. 260 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டோடு பன்னிரண்டு பேரைச் சுமந்த அதன் விகிதம் எஃப் 13க்குச் சற்றும் குறையாதது. ஆனால் கோலியாத் மரமும் துணியுமாகக் கட்டப்பட்ட, இறக்கைகள் மேலும் கீழுமாக இரண்டு தட்டில் அமைந்த பெரிய விமானம். மழையில் நனைந்தால் துணி தொய்யும், மரம் உப்பும், கம்பிகளை மறுபடி இறுக்கிச் சமன்படுத்த வேண்டும். உலோக விமானத்தை வெட்டவெளியில் நிறுத்திவைக்கலாம். பனியில் விட்டாலும் கெடாது. பயணச்சீட்டு விற்றுப் பிழைக்கும் தொழிலில், இரண்டு பறப்புகளுக்கு இடையே விமானம் கொட்டகையில் எத்தனை நாள் படுத்திருக்கிறது என்பது வேகத்தைவிட முக்கியமான கேள்வி. எஃப் 13 விமானங்கள் முந்நூறுக்கும் மேல் தயாராயின. அவற்றில் பல பத்தாண்டுகளுக்கும் மேல் உழைத்தன.

ஆனால் அந்த விமானம் பிறந்த நேரம் மிகக் கெட்ட நேரம். அது முதன்முதலில் பறந்த மூன்றாம் நாள், 1919 ஜூன் 28 அன்று, வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. ஜெர்மனி விமானப்படை வைத்திருக்கக் கூடாது. விமானம் தயாரிப்பதற்கும் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை. அந்தத் தடை பின்னர் நீட்டிக்கப்பட்டு, 1922இல்தான் தளர்ந்தது. தளர்ந்தபோதும் வேகம், உயரம், சுமை ஆகியவற்றுக்கு வரம்பு விதிக்கப்பட்டது; 1926வரை அந்த வரம்புகள் நீடித்தன. விமானத்தை உள்நாட்டில் தாராளமாக விற்க முடியாத யுங்கர்ஸ், வெளிநாடுகளில் விமானச் சேவைகள் உருவாகக் கைகொடுத்தார்; பணத்துக்குப் பதிலாகப் பங்குகளைப் பெற்றுக்கொண்டு விமானங்களைக் கொடுத்தார். ஃபின்லாந்தில் 1923இல் தொடங்கிய ஏரோ நிறுவனம் (இன்றைய ஃபின்ஏர்) 1924 மார்ச்சில் ஹெல்சின்கியிலிருந்து தாலினுக்கு எஃப் 13இல்தான் தன் முதல் பறப்பை நடத்தியது. அந்த நாட்டில் 1930-களின் நடுப்பகுதி வரை முறையான தரை விமான நிலையமே இல்லை. கோடையில் மிதவைகளையும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் மாட்டி நீரிலும் உறைபனியிலும் இறக்கினார்கள். ஆஸ்திரியாவிலும் சுவீடனிலும் அவர் கைகொடுத்த நிறுவனங்கள் சேவை தொடங்கியதும் இதே விமானத்தில்தான். கொலம்பியாவில் மக்தலேனா ஆற்றின் நெடுக அது மிதவை விமானமாகப் பறந்து, நீராவிப் படகில் பல நாள் பிடித்த பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கியது. தோற்ற நாட்டின்மீது போட்ட விலங்கு, அதன் விமானத்தை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

வென்ற நாடுகளில் தடை இல்லை. ஆனால் பணமும் இல்லை. பிரான்ஸ் தொடக்கத்திலேயே தன் நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்தது. ராணுவத்துக்குப் பின்னாளில் உதவும் விமானிகளும் தொழிற்சாலைகளும் அழியாமல் இருக்க வேண்டும் என்பதோடு, பிராக், வார்சா, புக்கரெஸ்ட் ஆகிய நட்பு நாட்டுத் தலைநகரங்களை எட்ட வேண்டும் என்ற அரசியல் நோக்கும் அதற்கு இருந்தது. பிரிட்டனில் அப்போது விமானத்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், குடிமக்கள் விமானப் போக்குவரத்து தன் சொந்த பலத்தில்தான் பறக்க வேண்டும், அரசு அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்று 1920இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். விளைவு விரைவாகவே வந்தது. மானியத்தின் துணையோடு பிரெஞ்சு நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்தன. பிரிட்டிஷ் நிறுவனங்களும் குறைக்க வேண்டியதாயிற்று. முதல் சேவையைத் தொடங்கிய ஏர்கிராஃப்ட் டிரான்ஸ்போர்ட் அண்டு டிராவல் 1920 டிசம்பரில் மூடப்பட்டது. 1921 பிப்ரவரி இறுதியில் பிரிட்டிஷ் விமான நிறுவனங்களின் கால்வாய்ச் சேவை அனைத்தும் நின்றுபோனது. கடலுக்கு மேலே பிரெஞ்சு விமானங்கள் மட்டுமே பறந்தன. மார்ச் மாதமே பிரிட்டிஷ் அரசு மானியம் கொடுத்துச் சேவையை மீட்டது. 1924இல் நான்கு நிறுவனங்களை இணைத்து இம்பீரியல் ஏர்வேஸ் உருவாக்கப்பட்டபோது, பத்தாண்டுகளுக்குப் பத்து லட்சம் பவுண்டு மானியம் உறுதியளிக்கப்பட்டது. சர்ச்சில் சொன்னது கொள்கையளவில் நேர்மையானது. ஆனால் மானியம் பெறும் அண்டை நாட்டோடு ஒரே வழித்தடத்தில் போட்டியிடும்போது அந்தக் கொள்கைக்கு வாழ்வில்லை.

நெதர்லாந்தில் ஆல்பர்ட் பிளெஸ்மன் இன்னும் நிதானமாகச் செயல்பட்டார். 1919 அக்டோபர் 7 அன்று நிறுவப்பட்டு அவர் நடத்திய கே.எல்.எம் விமான நிறுவனம், முதலில் சொந்த விமானம்கூட வாங்கவில்லை. 1920 மே 17 அன்று லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போன அதன் முதல் விமானமும், அதை ஓட்டிய விமானியும் பிரிட்டிஷ் நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டவையே. குளிர்காலம் வந்ததும் சேவையை நிறுத்திக்கொண்டு, அடுத்த வசந்தத்தில் ஃபோக்கர் விமானங்களோடு திரும்பினார்கள். தொடங்கியபோது வைத்த பெயரிலேயே இன்றும் பறக்கும் நிறுவனங்களில் மூத்தது அதுதான்.

விமானம் மேம்பட்டால் மட்டும் போதாது என்பதை 1922 ஏப்ரல் 7 உணர்த்தியது. அன்று வட பிரான்சின் பிகார்டிப் பகுதியில் மூடுபனி. லண்டனின் குரொய்டன் விமான நிலையத்திலிருந்து தபாலோடு வந்த டி.எச்.18 விமானமும், பாரிஸிலிருந்து பயணிகளோடு புறப்பட்ட கோலியாத்தும், மேகத்துக்குக் கீழே தாழப் பறந்தபடி ஒரே சாலையை எதிரெதிர்த் திசைகளில் பின்தொடர்ந்து வந்தன. தரையைப் பார்த்துத்தான் வழி தெரியும் என்பதால் சாலைகளையும் ரயில் பாதைகளையும் ஒட்டிப் பறப்பது விமானிகளின் வழக்கம். தியுலோய் செயின்ட் அந்துவான் என்ற ஊருக்கு அருகே இரண்டும் நேருக்கு நேர் மோதின. ஏழு பேரும் மாண்டனர். பயணிகள் விமானங்கள் இரண்டு வானில் மோதிக்கொண்ட முதல் விபத்து அது. அவ்வளவு பெரிய வானத்தில் இரண்டு விமானங்களால் ஒன்றையொன்று தவிர்க்க முடியாமல் போனதற்குக் காரணம், இரு விமானிகளும் நம்பியது தரையில் கிடந்த ஒரே சாலையை. வழித்தடத்தில் வலப்புறம் ஒதுங்கிப் பறக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு வலுப்பெற்றது.

1920 முதல் லண்டனின் சுங்க விமான நிலையமாக இருந்த குரொய்டனில் இதற்கான விடைகள் ஒவ்வொன்றாக உருவாயின. மரத்தாலான கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. விமானங்களில் வானொலிப் பேசி வந்தது. விமானி பேசும்போது தரையிலுள்ள நிலையங்கள் அந்த வானொலி அலை வரும் திசையை அளக்கும். வெவ்வேறு இடங்களிலிருந்து அளந்த கோடுகள் வரைபடத்தில் சந்திக்கும் புள்ளியே விமானம் இருக்கும் இடம் என்று குரொய்டன் அதிகாரி விமானிக்குச் சொல்வார். ஆபத்தில் சிக்கிய விமானி எந்தச் சொல்லைச் சொல்லி அழைக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, குரொய்டனின் மூத்த வானொலி அதிகாரி ஃபிரெடெரிக் மாக்ஃபோர்டு ‘மேடே’ என்ற சொல்லைத் தந்தார். பெரும்பாலான விமானங்கள் லெ பூர்ஷேவுக்கே போய்வந்ததால், ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியையே எடுத்துக்கொண்டார். இன்று உலகம் முழுவதும் விமானிகள் சொல்லும் அந்த அபாய அழைப்பு, லண்டன்-பாரிஸ் வழித்தடம் விட்டுச்சென்ற சொத்து.

இரவு என்னும் தடையை ஜெர்மானியர் முதலில் முறையாகக் கடந்தனர். 1926 ஜனவரியில் யுங்கர்ஸின் விமானச் சேவையும் அதன் போட்டியாளரான ஏரோ லாய்டும் அரசின் நெருக்குதலால் இணைந்து, டாய்ச்சே லுஃப்ட் ஹன்ஸா பிறந்தது. அந்த மே முதல் நாள் பெர்லினிலிருந்து கோனிக்ஸ்பெர்குக்கு இரவுநேரப் பயணிகள் சேவை தொடங்கியது. வழிநெடுக விளக்குக் கம்பங்கள் நடப்பட்டு, கலங்கரை விளக்கங்களைப் போல ஒன்றிலிருந்து அடுத்ததற்கு விமானியை வழிநடத்தின. மூன்று எஞ்சின் கொண்ட யுங்கர்ஸ் ஜி 24 அதில் பறந்தது. ஓர் எஞ்சின் நின்றாலும் இருட்டில் வயலைத் தேடி இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரயிலின் படுக்கைப் பெட்டியோடு விமானம் உண்மையாகவே போட்டியிடத் தொடங்கியது அங்கேதான்.

அப்படியும் ரயில் முழுதாக விலகிவிடவில்லை. 1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்-கராச்சி சேவையைத் தொடங்கியபோது பயணக் காலம் ஏழு நாள். குரொய்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெல் வரை விமானம். அங்கே இறங்கிய பயணிகள் ரயிலேறி ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஜெனோவாவை அடைவார்கள். ஜெனோவாவிலிருந்து அலெக்சாந்திரியா வரை நீரில் இறங்கும் பறக்கும் படகு. அதன் பிறகு மூன்று எஞ்சின் தரை விமானம். கராச்சியோடு வழி முடிந்தது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1932 அக்டோபர் 15 அன்று, அங்கே வந்திறங்கிய லண்டன் தபாலை ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை எடுத்துக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார்.